சேமித்தால் போதும், தானே போய்ச் சேரும்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு மைத்துனன் பணிவோடு எழுதியது. இங்கே நானும் என் கம்ப்யூட்டரும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் நலமாகத்தான் இருப்பீர்கள், ஏனென்றால் இங்கே நடந்தது இன்னும் உங்கள் காதுக்கு எட்டியிருக்காது.

நீங்கள் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை ஆட்டம் கண்டுவிட்டதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எங்கள் ஆபீசில் அவரவர் கம்ப்யூட்டரில் நிரல் எழுதி, எங்கோ இருக்கும் பொது சர்வருக்கு ‘புஷ்’ செய்ய வேண்டும், அதாவது அனுப்ப வேண்டும். மற்றவர்கள் அதை எடுத்துத் திருத்துவார்கள். எனக்கு எழுத வரும், அனுப்பத்தான் மறந்துவிடும். “எழுதினது எங்கப்பா, மனசுலயா இருக்கு?” என்று எல்லார் முன்னாலும் மேலாளர் கேட்டுவிட்டார். எங்கள் மேலாளர் பொறுமையின் சிகரம். நெற்றி சற்று அகலம்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நானே ஒரு நிரல் எழுதினேன். ஆபீஸ் வேலைக்கான ஃபோல்டரில் நான் எதைச் சேமித்தாலும் அதுவே சர்வருக்கு அனுப்பிவிடும், மற்றவர்கள் திருத்தியதையும் கையோடு கொண்டுவந்துவிடும். முதல் நாள் பாஸ்வேர்டைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன், என் நிரல் விடாக்கண்டன் மாதிரி தட்டிக்கிட்டே இருந்திருக்கு, சர்வர் மிரண்டுபோய் மொத்த ஆபீசுக்கும் கதவைச் சாத்திடுச்சு, ஒருத்தருக்கும் வேலை ஓடலை. அதைச் சரிபண்ணா, பெண் வீட்டாருக்குக் கொடுக்க அக்கா கேட்டிருந்த என்னைப் பற்றிய விவரம் அதே ஃபோல்டர்ல கிடந்திருக்கு, அதுவும் கிளம்பிப் போயிடுச்சு. பக்கத்து சீட்டுக்காரி அதில் ‘நன்றாகச் சமைப்பார்’ என்ற வரியை நீக்கித் திருப்பி அனுப்பிவிட்டாள். ஏன் என்று கேட்டால், “உங்க டப்பாவுல சாப்பிட்டவ நான். தெரிஞ்சே ஒரு பொண்ணை மாட்டி விடலாமா?” என்கிறாள்.

இதெல்லாம் திருஷ்டி கழிந்த மாதிரி. இன்று காலை மேலாளர் கூப்பிட்டார். “இன்னிக்கு நீ சேமிக்கிறது ஒண்ணு விடாம சர்வருக்குப் போய்ச் சேரணும். சேர்ந்தா வேலை நிரந்தரம். இல்லன்னா வீட்டுக்குக் கிளம்பு” என்றார். இதுவரை ஒன்றும் தவறவில்லை. ஆனானப்பட்டவர்களே அசந்துபோய்ப் பார்க்கிறார்கள்.

அக்காவிடம் மூச்சு விட வேண்டாம். இந்தக் கடிதம் நம் இருவருக்குள் இருக்கட்டும். உங்கள் பெயரைக் காப்பாற்றிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலத்துக்குள் வேலை நிரந்தரமாகிவிடும். பார்க்கலாம்.

அக்காவுக்கு அன்பும், உங்களுக்கு வணக்கமும், சுட்டிப் பயலுக்கு ஒரு முத்தமும்.

தங்கள் ஆசியை எந்நாளும் நம்பியிருக்கும்,
மைத்துனன்

பி.கு.: அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். மேலாளரைப் பற்றி ‘மூக்குநுனியில் கோபம், மண்டை முழு வழுக்கை’ என்றுதான் எழுதியிருந்தேன். மேலே இருக்கும் சிகரமும் நெற்றியும் என் எழுத்து இல்லை. ‘பார்க்கலாம்’ என்பதும் நான் போட்டதில்லை. கடிதத்தை எந்த ஃபோல்டரில் சேமித்தேன் என்று இப்போதுதான் கவனிக்கிறேன். மேலாளர் கண்ணாடி அறையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அத்தான், பேச்சு என்றால் பேச்சு. ஒன்று விடாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது, வேலை நிரந்தரம்தானே?