எலி டாக்டரும் ரோஸியின் முதுகும்

கொடைக்கானல் மலையில் யாருக்காவது சுட்டுவிட்டால், அவர் "ஆ" என்று கத்தி முடிப்பதற்குள் எலி டாக்டர் வந்து நின்றுவிடுவார். இதில் ஒரு சொல்கூட மிகை கிடையாது. அட்டுவம்பட்டியில் நான் குடியிருந்த நான்கு வருடத்தில் இட்லிப் பானை, இஸ்திரிப் பெட்டி, பைக் சைலன்சர் என்று எது யாரைச் சுட்டாலும் முதலில் ஓடிவந்தது அவர்தான்.

அவர் டாக்டர் இல்லை. கீழே சமவெளியில் ஏதோ ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் இருபது வருடம் எலிகளைப் பார்த்துக்கொண்ட ஊழியர். தீக்காயத்துக்கு மருந்து தேடுகிற பிரிவு. ஓய்வு பெற்றதும் மலைக்கு வந்துவிட்டார். சொந்தப் பெயர் என்னவென்று சிலிண்டர் போடுகிறவருக்கே தெரியாது. 'எலி டாக்டர் வீடு' என்றால் சரியாகக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

எனக்கு அவரை அறிமுகம் செய்துவைத்தது என் இடது கை. குடிவந்த மூன்றாம் நாள், குளிக்கக் காய்ச்சிய வெந்நீரைக் கையில் கவிழ்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டிலிருந்து குள்ளமாக ஒரு மனிதர் குரங்குக் குல்லாயோடு ஓடிவந்தார். பேர் ஊர் எதுவும் கேட்கவில்லை. தரதரவென்று இழுத்துப்போய்க் கையைக் குழாயடியில் நீட்டினார். டிசம்பர் மாதக் கொடைக்கானல் தண்ணீர்! சுட்டது மறந்துபோய்ப் பல் கிட்டித்துவிட்டது.

"போதும்ண்ணே, விடுங்க."

"இருபது நிமிசம் சார். வாட்சைப் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

"இல்ல, பேஸ்ட் தடவலாம்னு..."

"பேஸ்ட்டு பல்லுக்கு சார்! பல்லுக்கு!"

அதோடு விட்டாரா? சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடித் தாளையும் மார்க்கர் பேனாவையும் எடுத்தார். சிவந்த இடத்துக்கு மேலே தாளைப் பிடித்து, ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டார். "அசையாதீங்க, ஏரியா மாறிப்போகும்" என்று ஓர் அதட்டல் வேறு. வீட்டுக்குப் போய்க் கட்டம் போட்ட தாளின் மேல் அதை வைத்து ஒவ்வொரு கட்டமாக எண்ணினார். மூன்றாம் நாள் மறுபடி கோடு, ஏழாம் நாள் மறுபடி. எலி முதுகில் புண் எவ்வளவு சுருங்கியது என்று இப்படித்தான் அளப்பார்களாம். என் கை ஆறியதும், அளக்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டதே என்று இரண்டு நாள் முகம் வாடிக் கிடந்தார்.

வாயைத் திறந்தால் குரோத் ஃபேக்டர்தான். வளர்ச்சிக் காரணி என்று பாடப்புத்தகம் சொல்லும். அவர் மேஸ்திரி என்பார்.

"புண்ணுன்னா இடிஞ்ச வீடு சார். கொத்தனார் இருக்கான், சித்தாள் இருக்கு, செங்கல் கெடக்கு. ஆனா ஒருத்தனும் சோலி பாக்க மாட்டான். மேஸ்திரி வந்து ஒரு அதட்டு அதட்டணும். நம்ம உடம்பே அந்த மேஸ்திரியை அனுப்பும். பெரிய தீப்புண்ணுன்னா பத்தாமப் போயிரும். வெளியிலருந்து கொஞ்சம் சேத்துத் தடவினா, எலிக்கு வெரசா மூடிக்குது. கண்ணால பாத்தவன் நான்."

"மனுசனுக்கும் அப்படித்தானா?"

"அவசரப்படாதீங்க. எலித் தோல் தொளதொளன்னு கெடக்கும். நாலு பக்கமும் சுருங்கி, இழுத்து மூடிக்கும். மனுசத் தோல் முளைச்சு வரணும். பன்னித் தோல்தான் நமக்குக் கிட்ட வரும். பன்னிக்கு ஆறுச்சுன்னா நம்பலாம்."

இந்த ஞானத்தை மனசுக்குள் வைத்துக்கொள்கிற ஆளா அவர்? எங்கள் ஹவுஸ் ஓனர் ஜெயமேரி டீச்சர். பள்ளிக்கூடத்தில் மட்டுமில்லை, தெருவிலும் டீச்சர்தான். ஒருநாள் இஸ்திரிப் பெட்டி அவர் மணிக்கட்டைப் பதம் பார்த்துவிட்டது. எலி டாக்டர் வந்தார், தண்ணீர் விட்டார், அளந்தார். பத்தாம் நாள் தழும்பே இல்லை. மனிதருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வருகிற நேரம் பார்த்து, "டீச்சர், உங்களுக்கு அசல் பன்னித் தோலுங்க!" என்றார்.

டீச்சர் குடையை ஓங்கிவிட்டார். அது எவ்வளவு பெரிய பாராட்டு என்று நான் நடுவில் புகுந்து விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டீச்சர் என்னைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப சாருக்கு என்ன தோலு?"

"சாருக்கு எலித் தோலுதாங்க" என்றார் அந்தப் படுபாவி. டீச்சர் குடையை இறக்கி, சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவருடைய 'கண்ட்ரோல்'. ஆராய்ச்சியில் பாதி எலிக்கு மருந்து, பாதி எலிக்கு வெறும் களிம்பு. அப்போதுதான் ஆறியது மருந்தாலா, தானாகவா என்று தெரியும். அந்தப் பாதியை உலகத்தில் எங்கே பார்த்தாலும் அவர் விடமாட்டார். வீட்டுச் சுவரில் பூஞ்சை பிடித்தது. பாதிச் சுவருக்கு மட்டும் பெயிண்ட் அடித்துவிட்டு ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தார். கேரட் பாத்தியில் பாதிக்குத்தான் எரு. குதிகால் வெடிப்புக்கு வலது காலில் மட்டும் எண்ணெய். டீச்சர் இவரைக் காலி செய்யச் சொல்லி மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் அந்தப் பாதிச் சுவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

இப்படி இருக்கும்போதுதான் ரோஸிக்கு அடிபட்டது. ரோஸி ஏரிக்கரையில் சவாரி போகிற குதிரை. தவிட்டு நிறம், நெற்றியில் வெள்ளை. அதை வைத்திருந்தவன் செல்வம். மார்ச் மாதம் ஒரு நாள், ஸ்வீட்கார்ன் வண்டி பள்ளத்தில் சக்கரம் இறங்கிச் சாய்ந்து, கொதிக்கிற தண்ணீர் ரோஸியின் முதுகில் கொட்டிவிட்டது. சேணம் உட்காருகிற அதே இடம். ஒரு தோசை அளவுக்குத் தோல் வெந்துபோனது.

கால்நடை டாக்டரம்மா வந்து வலிக்கு ஊசி போட்டு, சுத்தம் செய்து, உண்மையைச் சொன்னார்: கெட்டித் தழும்பு விழுந்தால் சேணம் உரசி உரசிப் புண்ணாகும், சவாரி முடியாது. செல்வத்தின் மச்சான் கன்னிவாடியில் ஓர் ஆளிடம் ரோஸிக்கு விலை பேசிவிட்டான். சவாரிக்கு ஆகாத குதிரையை அந்த ஆள் எதற்கு வாங்குகிறான் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். செல்வம் ரோஸியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

எலி டாக்டர் டாக்டரம்மாவிடம் போனார். சர்க்கரைக்காரர்களின் கால் புண்ணுக்கு குரோத் ஃபேக்டர் ஜெல் ஒன்று விற்கிறது. அதைப் போட்டுப் பார்க்கலாமா?

"பார்க்கலாம் ஐயா. எலிக்கு நல்லா வேலை செஞ்சிருக்கு. குதிரைக்குச் செய்யும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார் அவர். மதுரையிலிருந்து ஜெல் வந்தது. குதிரைக்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். எலி டாக்டர் கையுறை மாட்டினார், தாளில் கோடு போட்டார், புண்ணின் நடுவில் இன்னொரு கோடு இழுத்தார்.

"இடது பாதிக்கு ஜெல்லு. வலது பாதிக்கு வெறும் களிம்பு."

"என்னது?" என்றான் செல்வம்.

"கண்ட்ரோல் வேணும்ல தம்பி? இல்லேன்னா ஆறினது எதனாலன்னு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சு நான் என்னண்ணே பண்ணப்போறேன்? எனக்கு ரோஸி வேணும். பாதி ரோஸியை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். "ஏலே, அந்த ஜெல்லைப் பிடுங்குங்கடா!" என்று ஒரு குரல். எனக்கும் கோபம் வந்துவிட்டது. "அண்ணே, இது உங்க ஆராய்ச்சிக்கூடம் இல்லை" என்று கத்தினேன். கூச்சலில் மிரண்டு குதிரை தலையை உதறியது. செல்வம் "ரோஸி" என்று மெதுவாகக் கூப்பிட்டான். அது காதைத் திருப்பி, அவன் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது.

எலி டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேர் சொன்னாத் திரும்புது" என்றார். "எங்க எலிக்கெல்லாம் நம்பர்தான் தம்பி." அப்புறம் புண் முழுவதும் ஜெல்லைத் தடவினார்.

அதற்குப் பிறகு தினமும் வெள்ளனே ஏரிக்கரைக்கு நடந்தே போனார். கழுவுவார், தடவுவார், துணி போட்டு மூடுவார். தாளில் தோசை அடையாகி, அடை இட்லியாகி, இட்லி பணியாரமாகச் சுருங்கியது. மே கடைசியில் டாக்டரம்மா தடவிப் பார்த்தார். மயிர் இல்லாமல் ரோஸ் நிறத்தில் ஒரு திட்டு. ஆனால் தோல் மெத்தென்று இருந்தது. கனமான விரிப்புப் போட்டுச் சேணம் வைக்கலாம் என்றார்.

"ஜெல்லுதானா ஐயா? இல்ல, தானா ஆறிச்சா?"

"தெரியாதும்மா. கண்ட்ரோல் வைக்கல" என்றார் எலி டாக்டர், பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்டவர் மாதிரி.

திருச்சிப் பக்கத்துச் சிறுமி ஒருத்தி முதல் சவாரி ஏறினாள். செல்வம் கடிவாளத்தைப் பிடிக்க, ரோஸி டக்டக்கென்று நடந்தது. எலி டாக்டர் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தாளையும் பேனாவையும் எடுக்கவில்லை.

"என்னண்ணே, அளக்கலையா?" என்று சீண்டினேன்.

"இருபது வருசம் சார். ஆறின அன்னைக்கே கணக்கு முடிஞ்சிரும். தோலை வெட்டி மைக்ராஸ்கோப்புல பாக்கணும்ல? எலிங்களையும் முடிச்சிருவாங்க. தூக்கிக் குடுத்தது நான்தான்." ரோஸி போகிற பக்கமே பார்த்தார். "ஆறினப்புறம் ஒண்ணு எந்திரிச்சு நடந்து போறதை இன்னைக்குத்தான் சார் பாக்கிறேன்."

எனக்கு எலித் தோல் என்று ஊரறியச் சொன்ன மனிதர் அவர். அன்றைக்கு அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, ரோஸிக்குப் பின்னாலேயே ஏரியை முழுதாக ஒரு சுற்று நடந்தேன்.