அப்பாவின் கிரிவலமும் பாய் கடைப் பொடியும்

நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள். அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்போது வேண்டாம், கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் ஒரு கறுப்புப் பொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதற்கும் முன்னால் அப்பா. பெயர் கோதண்டராமன். எடை தொண்ணூற்று இரண்டு கிலோ. டாக்டர் தராசையும் பார்த்தார், அப்பாவையும் பார்த்தார், தராசுக்காகப் பரிதாபப்பட்டார். அம்மா சந்திரகலா அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"ஒம்போது செவ்வாக்கெழம வெறுங்காலோட மலைய நடந்து சுத்துங்க. அதுவரைக்கும் காப்பிக்குச் சர்க்கரை கெடையாது. வடையும் கெடையாது."

"ஒம்போதென்ன, தொண்ணூறு சுத்துறேன்!" என்று அப்பா மார் தட்டினார். தட்டிய மார் ஆடி அடங்க ஒரு நிமிஷம் ஆனது.

மறுநாளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குலாம் ரசூல் பாயின் ரிப்பேர் கடைக்குப் போனார். கூட நானும். அந்தச் சைக்கிள் 'கீச்' என்றால் எங்கள் தெருவே விழித்துக்கொள்ளும்.

"பாய், சத்தமே வரக்கூடாது. எண்ணெ போட்டா ரெண்டு நாள் கூட நிக்கல."

பாய் பேசினால் பாதி மூக்கில் வரும். நீங்களும் அப்படியே படியுங்கள். "வெறும் எண்ணெ எப்பிடி சார் நிக்கும்? உங்க வெயிட்டு ஜாஸ்தி. ஏறி உக்காந்தா எண்ணெ பிதுங்கி ஓடிப்பூடும். இரும்பும் இரும்பும் ஒரசும். சத்தமும் வரும், தேய்மானமும் வரும். இது கிராஃபைட் பொடி, மண்ணுல வெட்டி எடுக்கிறது. பென்சில்ல எழுதுதே, அதேதான். சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்கா இருக்கும், ஒண்ணுமேல ஒண்ணு வழுக்கும். எண்ணெ ஓடினாலும் இது ஒட்டிக்கினு நிக்கும்."

எண்ணெயில் குழைத்துப் போட்டார். சைக்கிள் பூனையாகிவிட்டது.

"டேய், உங்கம்மாகிட்ட மூச்சு வுட்ட..." அப்பா என்னிடம் விரலை ஆட்டினார்.

நான் விடவில்லை. சத்தியமாக.

மூன்று செவ்வாய்க்கிழமை இப்படி நடந்தது. ஆபீசுக்கு வயிற்றுவலி என்று லீவு. விடியற்காலையில் நெற்றி நிறையத் திருநீறு, வெறுங்கால். வாசலில் பத்து அடி நடை. பிறகு சந்தில் நிற்கும் சைக்கிள். மலைக்குப் பின்னால், பாதி வழியில், அடிஅண்ணாமலை டீக்கடையில் இரண்டு மணி நேரம் சர்க்கரை தூக்கலாக டீயும் வடையும். எட்டு மணிக்கு நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் வருவார். அந்த நொண்டலுக்கே மெடல் தரலாம்.

மூன்றாம் வாரம் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஒம்போது மைல் வெறுங்கால்ல நடந்த மனுஷன். பாதம் பச்சப்புள்ள பாதம் மாதிரி இருக்கு. எப்பிட்றா?"

நான் சிரித்துவிட்டேன். அது போதும் அம்மாவுக்கு.

நாலாம் செவ்வாய். கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு நானும் அம்மாவும் முன்னாலேயே ஜட்கா வண்டி பிடித்துப் போய், டீக்கடைக்குப் பக்கத்துப் புளியமரத்தின் பின்னால் நின்றோம். அப்பா வந்தார். சைக்கிளைச் சாத்தினார். உள்ளே போனார்.

"இன்னும் ரெண்டு வடை வைய்யி. நல்லா செவந்ததா பாத்து."

நான் அப்பாவின் ஆபீசர் பலராமன் குரலை எடுத்தேன். சளியும் அதிகாரமும் சம அளவு. "க்ஹும்! வயித்துவலிக்காரர் கோதண்டராமனை யாராச்சும் இந்தப் பக்கம் பாத்தீங்களாய்யா?"

உள்ளே பெஞ்சு கவிழ்ந்தது. அப்பா அடுப்புக்குப் பின்னால். நான் சைக்கிளில். அம்மா கேரியரில். ஒரே ஒரு 'கீச்' கேட்டிருந்தாலும் அப்பா பாய்ந்து வந்திருப்பார். கேட்கவில்லை. பாய் வேலை அவ்வளவு சுத்தம்.

அந்த வழியில் அப்போது பஸ் கிடையாது. முன்னால் போனாலும் பின்னால் போனாலும் நாலரை மைல். திருடன் என்று கத்தவும் முடியாது. நடக்கப் போனவருக்கு ஏது சைக்கிள்?

பத்து மணிக்கு வந்தார். முழங்கால் வரை செம்மண். இந்த முறை நொண்டலில் நடிப்பு இல்லை.

"வாங்க. நல்லபடியா சுத்தினீங்களா?"

"நாலாவது வாரமும்... முடிஞ்சுதுடீ."

சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்து உட்கார்ந்தவர், சந்துப் பக்கம் பார்த்தார். சைக்கிள் துடைத்து வைத்தது போல நின்றது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியாக அம்மாவைப் பார்த்தார்.

அம்மா சர்க்கரையில்லாத காப்பியை நீட்டினாள்.

"இது மொத வாரங்க. இன்னும் எட்டு இருக்கு."