வேன் கதவுக்குப் பஞ்சர் ஒட்டிய கதை

பெருமை பேசுகிறவன் பேசிவிட்டுச் சும்மா இருந்தால் யாருக்கும் கெடுதல் கிடையாது. பேசியதைச் செய்துகாட்டப் போனால்தான் வம்பு.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, ராஜபாளையத்தில் பஞ்சர் ஒட்டி, பிறகு லாரிக்கு பாடி கட்டும் பட்டறையே வைத்தவன் நான். (நான் ஒட்டிய பஞ்சர் பிரிந்துபோனதாக இன்றுவரை ஒருவனும் வந்ததில்லை. விசாரித்துக்கொள்ளலாம்.)

எண்பதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம். பெண், வன்னியம்பட்டி எஸ்தர். அவள் அப்பா வாத்தியார். ஐந்தாம் வகுப்பு மாப்பிள்ளைக்கு அரைமனதாகத்தான் தலையாட்டியிருந்தார். கல்யாணத்தை நடத்திவைக்க வந்த போதகர் ஊர் ஊராகப் பிரசங்கத்துக்குப் போகிறவர். கட்டில், அடுப்பு, தண்ணீர்த்தொட்டி எல்லாம் வைத்த ஒரு பழைய வேன்தான் அவருக்கு வீடு. முந்தின நாள் சாயங்காலம் அதை சர்ச் வாசலில் நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"கதவு எந்நேரமும் டமடமன்னு அடிக்கி தம்பி. மலைக்காத்து வேற இடுக்குல நுழைஞ்சு தொண்டையக் கட்டிருது."

மாமனார் பக்கத்தில் நின்றார். எனக்கு அது போதாதா?

"இனிமே காத்தும் வராது, சத்தமும் வராது ஐயா. என் கை பட்டா அம்புட்டுதான்."

லாரி டியூபைப் பட்டையாக வெட்டினேன். அதைக் கதவுச் சட்டத்தில் மட்டும் ஒட்டிக் காயவிட்டிருக்க வேண்டும். பஞ்சர் ஒட்டிப் பழகிய கை கேட்குமா? ரப்பரின் இரண்டு பக்கமும், சட்டத்திலும், கதவிலும் தாராளமாகப் பஞ்சர் பசை, அதாவது சொல்யூஷன், தடவினேன். (டியூபுக்கு அதுதான் முறை.) ராத்திரி போதகர் ஐயா படுக்க உள்ளே ஏறினார். நானே வெளியிலிருந்து கதவை அழுத்திச் சாத்தினேன்.

காலையில் கதவு அசையவில்லை. பட்டு வேட்டியோடு காலை ஊன்றி இழுத்தேன். கைப்பிடி மட்டும் என்னோடு வந்தது. டிரைவர் சீட்டுப் பக்கம் தகரத் தடுப்பு. ஜன்னலில் கம்பி.

"நல்ல தூக்கம் தம்பி," என்றார் ஐயா கம்பிக்குப் பின்னாலிருந்து. "காத்தே இல்ல. வெளிய வரத்தான் வழி இல்ல. உடைச்சுறாதீய, என் வீடுல்லா இது."

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒரு கதவத் திறக்கத் தெரியாதவனுக்கா எம்பொண்ணு? எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்புங்க."

கையோடு வந்த கைப்பிடியைத் திரும்பச் சொருகிப் பார்த்தேன். (நிற்கவில்லை.) எஸ்தர்தான் முகத்தில் கிடந்த நெட் முக்காட்டை விலக்கினாள்.

"அப்பா, ஐயா வாய் தெரியுது, கை வெளிய வருது. கல்யாணத்துக்கு வேற என்ன வேணும்?"

வேன் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றோம். கம்பி வழியே வந்த கை எங்கள் தலைகளில் மாறி மாறி அமர்ந்தது. தாலி கட்டினேன். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெட்ரோலும் பிளேடுமாகக் கதவைப் பிரித்து ஐயாவை இறக்குவதற்குள் பிரியாணி ஆறிப்போயிருந்தது.

மாமனார் மிச்சமிருந்த ரப்பரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. என்னைப் பார்த்து முதன்முதலாகச் சிரித்தார். "கதவையே இந்தப் பிடி பிடிக்கான். பொண்ணக் கைவிட மாட்டான்."

கல்யாணப் போட்டோவில் எங்கள் தலைக்கு மேலே ஒரு கை மட்டும் இருக்கிறது. அது யாரென்று பேரப்பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் எஸ்தர் சொல்வாள்:

"அவருதான் போதகர். மிச்சத்த ஒங்க தாத்தா உள்ள வச்சு ஒட்டிட்டாரு."