சுகந்தியக்காவின் காலுக்குச் சிவப்பு ஐஸ்

சனிக்கிழமை எனக்கிருந்தது ஒரே ஒரு வேலை. ஐஸ் வாங்கிக்கொண்டு மைதானத்துக்குப் போவது.

எங்கள் மாதர் சங்கத்துக்கும் பக்கத்து ஊர்ச் சங்கத்துக்கும் வலைப்பந்து இறுதிப் போட்டி. விளையாட ஏழு பேர் வேண்டும். நான் எட்டாவது. வவுனியாவில் இரண்டு நாள் முதலுதவிப் பயிற்சி எடுத்தவள் என்பதால் மருந்துப் பெட்டியும் என்னிடம்தான்.

ஆருக்காவது ஏலாமல் போனால் நான் இறங்க வேண்டும். நாலு பேர் பார்த்தால் தண்ணீர் குடிக்கவே புரையேறும் எனக்கு, அந்த ஏழு பேரின் சுகம் என் சுகத்தைவிட முக்கியம்.

கடையில் ஐஸ் இல்லை. எங்கள் அணியின் ஜெசிந்தாக்கா கரையோரத்து ஆள். "எங்கட மீன் வாடியில கிடக்கு, அள்ளிக்கொண்டு போ" என்றா. கடற்கரையில் இருந்த அந்தக் கொட்டிலுக்குப் போய், பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்று நிறைய அள்ளினேன்.

மைதானத்தில், "பத்து நிமிசம் உடம்பைச் சூடாக்கிப்போட்டு இறங்குங்கோ" என்று சொன்னேன். என் குரல் எனக்கே பாதிதான் கேட்டது.

"வயலுக்கால சைக்கிள் உழக்கி வந்தது காணாதே?" என்றா சுகந்தியக்கா.

எங்களுக்குக் கோல் போடுவது அவாதான். காலில் தம்பியின் சப்பாத்து. இரண்டு அளவு பெரிது. முன்னுக்குப் பேப்பர் திணித்திருந்தா. அதையும் சொல்ல நினைத்தேன். நினைத்ததோடு சரி.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னர் அவா பாய்ந்து பந்தைப் பிடித்தா. சப்பாத்து ஒரு பக்கம் திரும்பியது, கால் மற்றப் பக்கம்.

ஓடிப்போய் ஐஸ் பெட்டியைத் திறந்தேன். சுகந்தியக்கா மூக்கைப் பொத்தினா.

"என்னடி இது, மீன் மணக்குது?"

"மீனுக்குப் போடுற ஐஸ் அக்கா. நல்லாக் கழுவி..."

"இண்டைக்குப் புரட்டாதிச் சனியடி. நான் விரதம். கால் கழண்டாலும் பரவாயில்லை, அதைக் கொண்டு கிட்ட வராதை."

"நீ என்ன, காலாலயோ சாப்பிடுறனி?" என்றா ஜெசிந்தாக்கா.

"நீ பேசாமல் இரு. நீயும் உன்ர மீனும்."

மற்றவர்கள் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். "அப்ப நீ இறங்கன் பிள்ளை."

எனக்கு ஐஸ் இல்லாமலே கைகால் குளிர்ந்தது.

மதிலோரம் ஐஸ்கிறீம் வான் ஒன்று நின்றது. ஓடினேன். மிச்சம் இருந்தது பொலித்தீன் பையில் உறைய வைத்த சிவப்பு ஐஸ் பக்கற் மட்டும். இரண்டை வாங்கிவந்து, கணுக்காலின் இரு பக்கமும் வைத்து, பண்டேஜால் இறுக்கிச் சுற்றினேன். பிரண்டு சுளுக்கிய காலோடு அன்றைக்கு விளையாடவே கூடாது என்றும் பயிற்சியில் சொன்னவர்கள்தான். அந்த இடம் மட்டும் எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

விசில் ஊதியது. "அவிழ்க்காதை, நல்ல சுகமாக் கிடக்கு" என்று சுகந்தியக்கா அப்படியே இறங்கிவிட்டா.

ஒரு கோல் போட்டா. அடுத்ததுக்குப் பாய்ந்தபோது பக்கற் வெடித்தது. வெள்ளைப் பண்டேஜ் சிவந்து, சப்பாத்துக்குள் வடியத் தொடங்கியது.

நடுவராக நின்ற ரீச்சர் விளையாட்டை நிறுத்தினா. "ரத்தம் வந்தால் உள்ளுக்க நிக்கேலாது. மாற்றாள் ஆர்?"

ஏழு பேரும் என்னைக் காட்டினார்கள்.

"ரீச்சர், அது ஐஸ் பக்கற்."

"சத்தமாச் சொல்லுங்கோ பிள்ளை."

"அது ரத்தமில்லை. ஐஸ் பக்கற்."

"வெல்லுற ஆசையில எல்லாரும் இப்பிடித்தான் ஏதும் சொல்லுவினம்."

வெல்லும் ஆசை. எனக்கு.

வேறு வழி தெரியவில்லை. கோட்டுக்குள் போய்க் குனிந்து, பண்டேஜில் விரலைத் தொட்டு வாயில் வைத்தேன்.

எதிரணியில் ஒருத்தி கண்ணைப் பொத்தினாள்.

"இனிப்பு, ரீச்சர்."

ரீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தா. "சரி. அதைக் கழட்டிப்போட்டு வேற கட்டிவிடுங்கோ. வாயையும் கழுவுங்கோ."

இரண்டு கோலால் வென்றோம். பின்னேரமே ஊர் வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வந்தது. அதில் ஒரு கோல்கூட இல்லை. நான் விரலை வாயில் வைப்பது மட்டும், மெதுவாக ஓடவிட்டு, மூன்று தரம்.

பேசாமல் இறங்கி விளையாடியிருந்தால் ஒருத்தரும் என்னைக் கவனித்திருக்க மாட்டார்கள்.