இனாமுராவுக்கு ஒரு தேங்காய்

இந்த ஜூலை மாதம் பிறந்த அன்று நான் ஒரு சபதம் செய்தேன். இனி என் வீட்டில் இரவு எட்டு மணிக்குத் தோசை சூடாக இருக்கும். இல்லாவிட்டால் நான் ஆண்பிள்ளை இல்லை.

தோசைக்குப் போய்ச் சபதமா என்று கேட்பவர்கள், திருவனந்தபுரம் தம்பானூருக்கு வந்து என் நாற்காலியில் ஒரு பகல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் உள்ள டூரிஸ்ட் ஹோம் ஒன்றில் நான் மேனேஜர். பெயர் குற்றாலலிங்கம். பேரில் அருவி இருப்பதாலோ என்னவோ, அந்தக் கட்டடத்தில் வெந்நீர் வராத குற்றம் முழுக்க என் தலையில்தான் விடிகிறது. மேஜைக்கு வந்து உட்காருவதற்குள் முதல் போன். "சாரே, சூடுவெள்ளம் இல்லா." குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் விடுங்கள் என்பேன். விட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் கூப்பிடுவார்கள். இப்போது பச்சைத் தண்ணீரும் இல்லை என்பார்கள்.

ஊரார் குளிரையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, மழையில் நனைந்து மணக்காட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தால், எனக்கென்று சூடாக ஒன்றே ஒன்று இருந்தது. கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும் தோசை. திருநெல்வேலியில் பெண் எடுத்ததற்குக் கிடைத்த ஒரே பலன் என்றுகூடச் சொல்வேன். வெளியே கேட்கும்படி சொல்ல மாட்டேன்.

அதில் மண்ணைப் போட்டது ஜப்பான்.

எங்கள் மகள் திவ்யலட்சுமி பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது டிவியில் ஒரு ஆப்பைப் போட்டு, "போரடிச்சா அனிமே பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மாவுக்குப் போரடித்தது. அப்பாவுக்கும் அடிக்குமே என்று யாரும் நினைக்கவில்லை. அனிமே என்றால் ஜப்பான்காரர்கள் வரைந்து எடுக்கும் தொடர். ஒரு தடவை தெரியாத்தனமாகக் 'கார்ட்டூன்' என்று சொல்லிவிட்டேன். அன்று சட்னி இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அங்கே புதுத் தொடர்களைக் கூட்டமாக அவிழ்த்துவிடுகிறார்கள். அதற்கு சீசன் என்று பெயர். லாட்ஜுக்கும் சீசன் உண்டு. ஐயப்பன் புண்ணியத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, போயும்விடும். இது வருஷத்துக்கு நாலு தடவை. வாரம் ஒரு எபிசோடு. என் மனைவி செண்பகவல்லி எல்லாவற்றையும் பார்த்து, எது தேறும், எது தேறாது என்று வாட்சாப் குரூப்பில் அபிப்பிராயம் போடுவாள். ஊருக்கு வடக்கே கழக்கூட்டத்திலிருந்து தெற்கே விழிஞ்ஞம் வரைக்கும் அதற்குக் காத்திருக்கும் பெண்கள் உண்டு. அத்தனை பேரைக் காக்க வைக்க முடியுமா? அதனால் ஆறரை மணிக்கே தோசையைச் சுட்டு ஹாட் பாக்ஸில் போட்டு மூடிவிடுவாள். ஹாட் என்பது பெட்டியின் பெயரில் மட்டும்தான்.

சபத தினத்தன்று பேச்சை நான்தான் ஆரம்பித்தேன்.

"ஏளா, தோசை செருப்பு மாதிரி இருக்கே."

"செருப்புன்னு தெரிஞ்சும் நாலு உள்ள போயிருக்கில்லா."

"அப்படி என்னதான் இருக்கு இந்தப் பொம்மைல? அம்புட்டும் குப்பை."

"எத்தன எபிசோடு பாத்தீங்க?"

"எதுக்குப் பாக்கணும்? வாடையே சொல்லுதே."

"மூணு எபிசோடு பாக்காம ஒரு தொடரப் பத்தி நல்லது கெட்டது பேசப்படாது. அனிமே பாக்கவங்களுக்கு அதான் முறை."

என் மூளையில் ஒரு பல்பு எரிந்தது. வாழ்க்கையில் எனக்கு எரியும் பல்பெல்லாம் பிற்பாடு என்னையே சுடும். அது அப்போது ஞாபகம் வரவில்லை.

"சரி. மூணு பாத்துட்டு வேண்டாம்னா?"

"அதுக்கு மரியாதை உண்டு."

"அப்ப கேட்டுக்க. ரெண்டு பேருக்கும் பிடிச்ச தொடர்தான் இந்த வீட்டுல ஓடணும். யாராவது ஒருத்தர் வேண்டாம்னா அது அவுட்டு. ஒண்ணுமே தேறலன்னு வையி, எட்டு மணிக்குக் கல்லு அடுப்புல இருக்கணும்."

"மதி, அது போதும். சம்மதம்."

அவ்வளவு சீக்கிரம் அவள் சம்மதித்த விஷயம் என்று எங்கள் கல்யாண வாழ்க்கையில் வேறொன்றும் கிடையாது. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். நானோ மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்ப்பது, மொத்தமாக ஊத்தி மூடுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பார்த்தேன். என் நேர்மையான அபிப்பிராயங்களைச் சொல்கிறேன்.

ஒன்றில் ஊதா முடிப் பையன் ஒருவன் பேயை வெட்டப் போகிறான். வெட்டுவதற்கு முன் கத்துகிறான். எதற்காக வெட்டப் போகிறேன் என்று பேய்க்கு விளக்குகிறான். பேயும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. பேயின் பொறுமையைப் பாராட்டலாம். தொடரைப் பாராட்ட முடியாது. இன்னொன்றில் நாலு பெண்பிள்ளைகள் ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்து மழையைப் பார்க்கிறார்கள். மூன்று எபிசோடும் அதேதான். மழை பார்க்க எனக்கு ஜப்பான் வேண்டாம், எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே ஒழுகுகிறது. வாலிபால் தொடர் ஒன்று. முதல் எபிசோடில் பந்தை மேலே போட்டான், மூன்றாவதில்தான் அது கீழே வந்தது. நடுவில் அத்தனை பேரும் அவரவர் பால்யத்தை நினைத்து அழுதார்கள். சமையல் தொடரும் உண்டு. கிண்ணத்தில் நூடுல்ஸ், அதிலிருந்து ஆவி பறக்கிறது, சாப்பிட்டவன் கண்ணில் நட்சத்திரம். என் மடியில் ஆறிப்போன தோசை. இது தொடர் இல்லை, சித்திரவதை.

இத்தனைக்கும் வசனம் ஜப்பானிய மொழி. கீழே ஓடும் ஆங்கிலத்தை நான் படித்து முடிப்பதற்குள் செத்தவன் பிழைத்துவிடுகிறான்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று எபிசோடு முடிந்ததும் "வேண்டாம்" என்றேன். செண்பகவல்லி வாதாடவே இல்லை. "சரி, அவுட்டு" என்று தலையை ஆட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாக்கில் சூடான தோசை வந்து இறங்கிவிட்டது.

அப்போதுதான் இனாமுரா வந்தார்.

'லாரியில் அடிபட்டு வேறு உலகத்துக்குப் போயும் எனக்கு அதே லாட்ஜ் வேலைதானா?' இது முழுக்கத் தொடரின் தலைப்பு. அங்கே அப்படித்தான் வைக்கிறார்கள். ஜப்பான் தொடர்களில் லாரி மோதினால் நேராக மந்திர தந்திரமுள்ள வேறு உலகத்தில் போய் விழலாம். இங்கே மோதினால் எலும்பு வைத்தியரிடம்தான் விழ வேண்டும். இனாமுரா ஐம்பது வயதுக்காரர். முன்வழுக்கை. ஒரு சின்ன விடுதியில் மேனேஜர். லாரி மோதுகிறது. கண் விழித்தால் பூதங்களும் குள்ளர்களும் தங்கும் ஒரு சத்திரம். அங்கேயும் அவர்தான் மேனேஜர்.

பூதம் வந்து தலையணை சின்னது என்கிறது. குள்ளர்கள் கட்டில் உயரம் என்கிறார்கள். இனாமுரா எல்லோருக்கும் குனிந்து கும்பிட்டு, "மன்னிக்கவும், உடனே கவனிக்கிறேன்" என்கிறார். அவர் குரலில் இருந்த அசதி எனக்குத் தெரிந்த அசதி. கீழே ஓடிய ஆங்கிலம் எனக்குத் தேவைப்படவில்லை. அந்த வசனங்களை நான் வருஷக்கணக்காகப் பேசி வருகிறேன்.

மூன்றாவது எபிசோடின் முடிவில் மாடி அறையிலிருந்து ஒரு டிராகன் இறங்கி வருகிறது. வாயைத் திறந்தால் நெருப்பு. அது மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றி, வெந்நீர் வரவில்லை என்கிறது.

இனாமுரா கும்பிட்டுச் சொல்கிறார்: "குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் விடுங்கள்."

டிராகன் வாயைத் திறக்கிறது. உள்ளே சிவக்கிறது. தொடரும்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "தூசி" என்றேன். "மழைக்காலத்துல தூசியா?" என்றாள் செண்பகவல்லி. என் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் பழவங்காடியில் என் கால் தானாக நின்றது. தடை நீங்கவேண்டி அங்கே பிள்ளையாருக்குத் தேங்காய் எறிந்து உடைப்பது இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். பரீட்சை, விசா, கல்யாணம் என்று ஆளுக்கொரு காரணம். நான் ஒரு தேங்காய் வாங்கினேன். மூன்று தடவை தலையைச் சுற்றினேன். பிள்ளையாரே, அந்த மனிதர் ஒரு தப்பும் செய்யவில்லை, பாய்லர் ரிப்பேருக்கு அவர் என்ன செய்வார் என்று வேண்டிக்கொண்டு ஓங்கி எறிந்தேன். சிதறியது. மனசு லேசானது. திரும்பினால் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணவேணி நிற்கிறாள். நாகர்கோவில்காரி.

"என்ன அண்ணாச்சி, காலம்பறயே தேங்காயும் கையுமா? என்னவாக்கும் விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. வேண்டப்பட்ட ஒருத்தர். நம்ம தொழில்தான். ஒரு கஸ்டமர்ட்ட வசமா மாட்டிக்கிட்டாரு."

"அடப் பாவமே! ஆளு பெரிய ரவுடியாக்குமோ?"

"ரவுடி இல்ல. கொஞ்சம் சூடான ஆளு."

பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னதுதான் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தீர்ப்பு. எல்லாத் தொடரும் அவுட். இனாமுரா ஒருவர்தான் பாக்கி. நான் ரொம்ப சாதாரணமாக முகத்தை வைத்துக்கொண்டு, விரல் நகத்தைப் பார்த்தபடி சொன்னேன்.

"அந்த லாட்ஜுக் கதை... பரவால்ல. இருந்துட்டுப் போகட்டும்."

"எனக்குப் பிடிக்கல."

"என்னது?"

"பிடிக்கலங்கேன். ஒருத்தர் வேண்டாம்னா அவுட்டுன்னு சொன்னது நீங்கதான."

"ஏளா, நல்ல கதைளா! என்ன ஒரு மனுசன்!"

"நாள் பூரா கும்பிடு போட்டுக்கிட்டு, மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு ஒரு லாட்ஜு மேனேசர். அதைப் பாக்கதுக்கு நான் டிவி போடணுமாக்கும்?"

"டிராகன் வாயத் தொறந்துட்டு நிக்குளா! அந்தாளு கதி?"

"அதான் தேங்கா உடைச்சாச்சில்லா. பிள்ளையார் பாத்துக்கிடுவாரு."

கிருஷ்ணவேணி வீட்டுப் பக்கமிருந்து குக்கர் விசில் அடித்தது. எனக்கு என்னைப் பார்த்து அடித்த மாதிரி இருந்தது.

ஒப்பந்தப்படி மறுநாள் எட்டு மணிக்குக் கல் அடுப்பில் இருந்தது. முறுகலாக, ஓரம் சிவந்து, ஆவி பறக்க என் தட்டில் தோசை விழுந்தது. நான் ஜெயித்துவிட்டேன். டிவி கறுப்பாக இருந்தது. ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டேன். சுட்டது. டிராகன் நினைப்பு வந்தது. அதற்குமேல் இறங்கவில்லை.

"இன்னொண்ணு சூடா ஊத்தட்டா?" என்று உள்ளிருந்து அன்பாகக் கேட்டாள். அந்த அன்பைத் தாங்க முடியவில்லை.

வாரம் போயிற்று. நாலாவது எபிசோடு வந்துவிட்டது என்று லாட்ஜில் வரவேற்பு மேஜையில் இருக்கும் ஷைஜு சொன்னான். அவனும் பார்க்கிறவன் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"சாரே, நாலாமத்தே எபிசோடு அடிபொளி! டிராகன் எந்து செய்தெந்நு பறயட்டே?"

"பறயாதே!" என்று, டிராகன் செய்ததைச் சொல்ல வந்தவனைத் தடுத்துக் காதைப் பொத்திக்கொண்டேன். அவன் செல்போனிலேயே போட்டுக் காட்டினான். பாட்டு முடிந்து இனாமுராவின் தலை தெரிந்ததும் மாடியிலிருந்து போன் வந்தது. சூடுவெள்ளம். மறுபடி போட்டான். மறுபடி போன். அன்றைக்கு இனாமுராவின் தலையைத் தவிர வேறொன்றையும் பார்க்க முடியவில்லை. வீட்டு ஆப்பின் பாஸ்வேர்டு தாயும் மகளும் மட்டும் அறிந்த ரகசியம்.

ஐந்தாவதும் வந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. ஒரு விருந்தாளி வெந்நீர் இல்லை என்று கத்தியபோது, நான் அவர் வாய்க்குள் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேனாம். முதலாளி வரைக்கும் புகார் போயிற்று. வேலைக்கே உலை வைத்துவிடும்போல இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து குடையை மடக்குவதற்கு முன்னாலேயே சரணடைந்தேன்.

"என்ன வேணும்னாலும் கேளு. இனாமுராவப் போடு."

செண்பகவல்லி யோசித்தாள். யோசிப்பதுபோல இருந்தாள்.

"எனக்குப் பிடிக்காத தொடர உங்களுக்காகச் சகிச்சுக்கிடணும்னா, எனக்குப் பிடிச்சத நீங்களும் சகிச்சுக்கிடணும். அவுட் ஆன எல்லாம் திரும்ப வரும்."

"வரட்டும்."

"தோசை?"

"ஆறினாலும் பரவால்ல."

"சே, நீங்க ஆறின தோசை தின்னா எனக்குச் சங்கடமா இருக்காதா? மாவு நான் அரைச்சு வைக்கேன். எட்டு மணிக்கு நீங்களே சூடா ஊத்திக்கிடுங்க. உங்களுக்கு ஊத்தும்போதே எனக்கும் ரெண்டு."

நான் நன்றி சொன்னேன். ஆமாம், சொன்னேன்.

அதனால் இப்போது எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் தோசை சூடாகத்தான் இருக்கிறது. சபதம் நிறைவேறிவிட்டது. ஈரச் சட்டையைக்கூட மாற்றாமல் அடுப்படியில் நிற்கிறேன். முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது, இரண்டாவது வரைபடம் மாதிரி வந்தது, மூன்றாவதிலிருந்து கை பழகிவிட்டது. கூடத்திலிருந்து "முறுகலா ஊத்துங்க" என்று குரல் வந்தது. ஊற்றினேன். அவள் சாப்பிட்டு முடித்த பிறகு, என் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலாவது எபிசோடு. டிராகன் வாய் முழுக்கத் திறந்திருந்தது. என் கையில் இருந்த தோசைத் துண்டு வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது.

"எதுக்கு இப்படி வேர்க்கீங்க? சாப்பிடுங்க. அந்தாளுக்கு ஒண்ணும் ஆகாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நாலாவதும் அஞ்சாவதும் கிருஷ்ணவேணி வீட்டுல இருந்து பாத்தாச்சில்லா. இந்த சீசன்லயே இதான் டாப்புன்னு குரூப்புலயும் போட்டாச்சி."

என் தோசை தட்டில் விழுந்தது. திரையில் டிராகன் வெட்கத்தோடு வாயை மூடிக்கொண்டு, ஐந்து நிமிடம் குழாயைத் திறந்துவிட ஒத்துக்கொண்டு மாடி ஏறியது. இனாமுரா தப்பித்துவிட்டார். எனக்கு உயிர் வந்தது. போகட்டும், ஏமாந்தது நான் ஒருவன்தான். அந்த மனிதராவது அந்த உலகத்தில் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

செண்பகவல்லி ரிமோட்டை எடுத்து அடுத்ததைத் தட்டினாள்.

"ரொம்ப சந்தோசப்படாதீங்க. அஞ்சாவதுல அவரு பெண்டாட்டி அதே லாரியக் கைகாட்டி நிறுத்தி, ஏறி வந்து இறங்கிருதா."