தடாகத்துச் சூடும் வேலிக் கூலியும்

இந்தக் கோடையில் என் மனைவியின் தம்பி கிருஷாந்தன் என் நீச்சல் தடாகத்தில் இறங்கக் கூடாது. பனி கரையுமுன்பே நான் எடுத்த தீர்மானம் இது.

தடாகம் என்றதும் என்னைப் பெரிய பணக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். மொன்றியலுக்குப் பக்கத்துப் புவாண்ட்-கிளேரில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டோடு அது ஒட்டிக்கொண்டு வந்தது. மொன்றியல் வெயிலை நம்ப முடியாது என்பதால் தண்ணீரைச் சூடாக்க ஒரு இயந்திரமும் இருக்கிறது. தண்ணீர் சூடேறினால் ரொறன்ரோவில் இருக்கும் கிருஷாந்தனுக்கு எப்படியோ தெரிந்துவிடும். என்னுடைய ஒரே விடுமுறையில் பெண்சாதி, நாலு பிள்ளைகள் சகிதம் வந்துவிடுவான். என் சாய்கதிரை அவனுக்கு. ரிமோட் அவனுக்கு. நண்டுக் கறியில் சதை அவனுக்கு, ஓடு எனக்கு.

அவனுக்கு ஒரே பயம், குளிர்ந்த தண்ணீர். சூடாக்கியை நிறுத்திவிட்டால் காரியம் முடிந்தது. மே மாதம் மின்கட்டணத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

"வசந்தினி, இந்தச் சூடாக்கி எங்களையே விழுங்குது. இந்த வருசம் நிப்பாட்டுவம்."

என் மனைவி வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சூடாக்கியில பிழை இல்ல. சூடு வெளியால போகுது. அதத் தடுக்க என்னென்ன வழி, எதுக்கு எவ்வளவு காசு முடியும் எண்டு விசாரிச்சுச் சொல்லுங்க. மறுகா பாப்பம்."

சண்டை பிடிக்கவில்லை! அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. அவள் சண்டை பிடிக்காத நாட்கள்தான் எனக்கு ஆபத்தான நாட்கள்.

விசாரித்தேன். வழிகள் மலிவாக இருந்தன. அதுதான் எனக்கு வந்த கேடு. குமிழ் வைத்த பிளாஸ்டிக் போர்வையை இரவில் தண்ணீருக்கு மேல் விரித்தாலே நிறையச் சூடு தங்குமாம். காற்றுப் படாமல் சுற்றிவரப் பலகை வேலி அடித்தால் இன்னும் நல்லதாம். பொத்தானை அமுக்கினால் தானாக மூடும் மோட்டார் மூடி மட்டும்தான் என் மனதுக்குப் பிடித்த விலையில் இருந்தது.

சாமான் விலையைக் கூட்டிச் சொல்ல முடியாது. ஃபோனில் தட்டிப் பார்த்துவிடுவாள். ஆனால் கூலி? கூலியை எந்த ஃபோனில் தட்டுவாள்?

"போர்வை மலிவுதான்," என்று தொடங்கினேன். "ஆனா ஒவ்வொரு நாளும் இழுத்தா இடுப்புப் போயிரும்."

"யார்ட இடுப்பு?"

"என்ட இடுப்பு."

"அப்ப பரவாயில்ல. வேலி?"

"பலகை ரெண்டாயிரம். கூலி ஆறாயிரம்."

"ஆறாயிரமா? தங்க ஆணியா அறையிறாங்க?"

"இஞ்ச நிலம் உறையிற நிலம். குழி ஆழமாத் தோண்டோணும்."

"மோட்டார் மூடி?"

"அத வாங்க வீட்ட விக்கோணும். மூடி இரிக்கும், தடாகம் இரிக்காது."

"அப்ப வேலிதான் நல்லம். கூலி மட்டுந்தான் பிரச்சினை, என்ன?"

"ஓம், ஓம். கூலி மட்டுந்தான்," என்றேன், சந்தோசத்தை மறைத்துக்கொண்டு.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த ஆட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு பேனாட் அண்ணனிடம் ஓடினேன். எங்கள் மட்டக்களப்பு ஆள். போன வருடம் வேலி அடித்தவர்.

"அண்ணே, வசந்தினி கேட்டா வேலிக்குக் கூலி ஆறாயிரம் எண்டு சொல்லுங்க."

"நான் ஆயிரத்தைந்நூறுதானே குடுத்த, யோகராசா?"

"அதத்தான் சொல்லாதீங்க."

"சொல்ல மாட்டன். நானும் கல்யாணம் முடிச்சவன்தானே."

அதன் பிறகு வசந்தினி வீடு முழுக்கப் பாட்டு முணுமுணுத்தாள். சந்தேகம். வீட்டிலிருந்த படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் தோய்த்தாள். பெரிய சந்தேகம்.

"ரெண்டு பேருக்கு ஏன் இவ்வளவு விரிப்பு?"

"தோய்க்கிற மிசின் சும்மாதானே நிக்குது."

"போன்ல யாரோட கதைச்ச?"

"தம்பியோட. தண்ணி சூடா எண்டு கேட்டான். கூலிப் பிரச்சினை, சூடு இல்ல எண்டு சொன்னன்."

அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன். இந்த வருடத்தில் நான் செய்த ஒரே முட்டாள்தனம் அந்தத் தூக்கம்தான்.

ஜூன் கடைசியில் வாசலில் ஒரு வான் வந்து நின்றது. முதலில் பெட்டிகள் இறங்கின. பிறகு பிள்ளைகள். கடைசியாகக் கையில் சுத்தியலோடு கிருஷாந்தன்.

"அத்தான்! கூலி ஆறாயிரமாமே, பகல் கொள்ளை! அக்காட வீட்டு வேலியத் தம்பி அடிக்காம வேற யார் அடிக்கிற?"

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது கூடப்பிறந்தவன் கடமை. அதற்கு எதிராக எந்தப் புருசனும் வாய் திறக்க முடியாது.

"எத்தின நாள் வேலை?" என்று கேட்டேன்.

"அவசரப்படாதீங்க. நான் பள்ளிக்கூட பஸ் ஓடுறவன்தானே. பள்ளிக்கூடம் திறக்க முதல் முடிச்சிருவன்."

இரண்டு மாதம்! வசந்தினி நெகிழ்ந்துபோய் நின்றாள்.

"சும்மா வேலை வாங்கிறது சரியில்ல. உங்கட கணக்குல அரைவாசி, மூவாயிரத்தக் குடுங்க. மற்ற மூவாயிரம் எங்களுக்கு லாபம்."

அவளை உள்ளே இழுத்துப் போனேன்.

"கொஞ்சம் பேரம் பேசினா ஆயிரத்தைந்நூறுக்கும் ஆள் வருமாம்..."

"தெரியும். பேனாட் அண்ணன்ட பெண்சாதி ஜொய்சி அக்கா அண்டைக்கே சொன்னவ."

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கல்ல?"

"நீங்க ஆசைப்பட்டுச் சொன்ன தொகை. ஏன் குறைப்பான் எண்டு விட்டுட்டன்."

காசைக் கொடுத்தேன். கிருஷாந்தன் அதை அக்காவிடம் பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டு, தடாகத்தில் காலை நனைத்துப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்ததாம். சூடாக்கியை யார், எப்போது போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. மண்வெட்டியை என் கையில் தந்துவிட்டுக் குதித்தான்.

இந்த விடுமுறைக்கு நான் குழி தோண்டுகிறேன். கூலி வாங்கியவன் தண்ணீரில் மிதந்தபடி ஆழம் போதாது என்கிறான்.