அணைப்பு மன்னர்

சிக்கனக்காரர்களில் எத்தனையோ ரகம் உண்டு. பற்பசைக் குழாயைக் கத்தரித்து வழித்தெடுப்பவரெல்லாம் அதில் வெறும் பாமரர். இப்போது நீங்கள் சந்திக்கப்போகிறவர் படித்த ரகம். கம்ப்யூட்டரின் இயங்குதளத்துக்குள் புகுந்து, திரையை மங்கவைத்து, விசிறியை அடக்கி, சும்மா இருக்கும் பாகங்களைத் தட்டித் தூங்கவைத்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் மென்பொருளை எழுதுகிறவர். அலுவலகத்தில் அவருக்கு அணைப்பு மன்னர் என்று பெயர். அதைக் கேட்டு அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "அணைப்பா? இவரா? விளக்கைச் சொல்றீங்களா?"

நல்ல வேலைதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் மன்னர் யாரையும் நம்ப மாட்டார். "எந்த மென்பொருளும் 'முக்கியமான வேலை, என்னைத் தூங்க வைக்காதே'ன்னுதான் சொல்லும். எல்லாம் புளுகு! விரல் அசையுதா, வேலை நடக்குது. அசையலையா, தூங்க வை!" இந்தச் சட்டத்தை எழுதி, சோதனைக்காக, ஒருவரையும் கேட்காமல் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்.

மறுநாள் அதில்தான் மனைவிக்கு நேர்முகத் தேர்வு. குழந்தைக்காக விட்ட கணக்காளர் வேலையை மறுபடி பிடிக்க, எங்கெங்கோ முட்டி மோதிக் கிடைத்த அழைப்பு. திரையிலிருந்த அதிகாரி இக்கட்டான கேள்வி ஒன்றைக் கேட்டார். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பதில் நாக்கு நுனிக்கு வந்த நொடியில் திரை இருண்டது.

மன்னர் ஓடிவந்தார். முகத்தில் பதற்றமா? பெருமிதம்!

"பாத்தியா, என்ன கச்சிதமா தூங்கிடுச்சு!"

"நான் யோசிச்சுக்கிட்டிருந்தேங்க."

"கை அசையலையேம்மா. மௌஸை ஆட்டிக்கிட்டே யோசிச்சிருக்கலாமே?"

அவள் அவர் சட்டைப்பையிலிருந்த போனை உருவி, அதிகாரியை அழைத்துக்கொண்டே கதவை அவர் முகத்துக்கு நேரே சாத்தினாள். வேலை அவளுக்குக் கிடைத்தது. அன்று முழுக்க மன்னருக்குப் பேச ஆள்தான் கிடைக்கவில்லை.

திருந்தினார் என்றா நினைக்கிறீர்கள்? பதவி உயர்வு பெற்றார்! மேலதிகாரிக்கு அந்தச் சட்டம் அவ்வளவு பிடித்துப்போயிற்று: எவன் கம்ப்யூட்டர் தூங்குகிறதோ அவன் சோம்பேறி. அன்றுமுதல் அலுவலகத்தில் யோசனை நின்றது. எல்லோரும் மௌஸை ஆட்டுகிறார்கள். சாப்பிடப் போகிறவர், பக்கத்து இருக்கைக்காரரிடம், "கொஞ்சம் என்னுதையும் ஆட்டிக்கிட்டிருங்க" என்று ஒப்படைத்துவிட்டுப் போகிறார். ஒரு கம்ப்யூட்டரும் கண்ணயர்வதில்லை. மின்கட்டணமா? கேட்காதீர்கள்.

நீங்கள் அந்த ரகமே இல்லை, தெரியும். எதற்கும், ஜன்னலோரம் பேசாமல் நின்ற ஆளைப் பார்த்து, "வேலை ஒண்ணும் இல்லையா?" என்று கடைசியாக எப்போது கேட்டீர்கள்? கொஞ்சம் நினைவுபடுத்திப் பாருங்கள். வீட்டில் கேட்டதையும் சேர்த்து.